சுல்தானின் பல்லுக்குக் கிழியாதது

1911 ஜூலை 18, செவ்வாய்

பண்டாரவளைத் தபால் வண்டிக் குதிரைகளுக்கு இரண்டு வயிற்றுவார் தைத்து முடித்தேன். பகல் சாப்பாட்டுக்கு எழும்புகிற நேரத்தில் மூங்கிலோடைத் தேயிலைத் தோட்டத்துத் தபால்காரன் கணபதி வந்தான். தினமும் தெமோதரைப் பக்கத்திலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு பதுளைக்கு நடந்து வந்து போகிறவன். கடிதங்களுக்கு அடியிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்து என் மேசையில் வைக்கப் போனான். பந்து என்று சொல்வதற்கு அதில் பாதிதான் மிச்சம் இருந்தது.

வைக்காதே என்றேன். தோட்டத்துத் துரையுடைய நாய் கடித்த பந்தாம். நாயின் எச்சில் பட்டதை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் போட்டு. கத்தி, ஊசி, தோல் எல்லாம் கிடக்கிற மேசையில் அதை வைத்தால் நான் கடையைப் பூட்டிவிட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வாசலில் சாக்கு விரித்து அதில் போடச் சொன்னேன்.

துரை சீட்டுக் கொடுத்திருந்தார். தூக்கி எறிந்தால் நாய் ஓடிப்போய் எடுத்து வருவதற்கு ஒரு சாமான் வேண்டும். கொழும்புக் கடைப் பந்துகள் ஒரு கிழமை, ஏழு நாள்கூடத் தாங்கவில்லை. 'சேணக்காரன் மர்ஸூக், இந்த ஊரில் நீ ஒருவன்தான் உறுதியாகத் தைக்கிறாய்.' கடைசி வரிக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். என் புத்தகத்திலேயே அதை மறைப்பானேன்?

நாயின் பெயர் சுல்தான். நாய்க்கு வைக்க அந்த மனிதருக்கு வேறு பெயர் கிடைக்கவில்லை.

ஜூலை 22

கொய்யா வைரத்தில் முழ நீளம் ஒரு கட்டை. இரண்டு முனையிலும் குமிழ் வைத்துக் கடைந்து எண்ணெய் ஊறப்போட்டுக் கொடுத்தேன். நாய் சாமான்களைத் தொட என்று பழைய இடுக்கிக் குறடு ஒன்றை ஒதுக்கி வாசல் ஆணியில் மாட்டினேன். என் பெண்சாதி ஸைனப் அதைப் பார்த்துவிட்டு, "இனி இந்த வீட்டுல நாய்க்கும் ஆயுதம் வந்திட்டுது" என்றாள்.

ஜூலை 29

கட்டை பிளந்துவிட்டது. சிராய் ஈறில் ஏறி, நாய் இரத்தம் ஒழுகத் துரையின் காலடியில் போய் நின்றதாம். கணபதி பையைத் தோளில் மாட்டும்போது பார்த்தேன், கழுத்துக்குக் கீழே பிரம்படி, மூன்று. கட்டை என்னுடையது, அடி அவனுக்கு.

எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த வேலையே வேண்டாம் என்று துரையிடம் சொல்லிவிடு என்றேன். அவன் வாசலில் குந்தினான்.

"இது எனக்கு வெளையாட்டு இல்லீங்க மொதலாளி. இதுலதான் எங்க துண்டு இருக்கு."

துண்டு என்றால் தோட்டத்தை விட்டுப் போகலாம் என்று துரை எழுதிக் கொடுக்கிற கடதாசி. அது இல்லாதவனை வேறு எந்தத் தோட்டத்திலும் பதிய மாட்டார்கள். இல்லாமல் போனால் ஓடிப்போனவன் என்று போலீஸ் பிடித்துக்கொண்டு வரும். கணபதியின் பெண்சாதி இராக்கம்மாவுக்கு ஏழு மாதம். முதல் பிள்ளை மூங்கிலோடையில் பிறந்து பதினோராம் நாள் போய்விட்டது. அவளுடைய தாயும் அண்ணனும் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளையை அங்கே போய்த் தாய் கையில் பெற வேண்டும் என்கிறாள். கங்காணி சம்மதித்துவிட்டார். துரைதான் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "சுல்தானுக்கு ரெண்டு மாசம் கிழியாத சாமான் ஒண்ணு கொண்டா. அன்னைக்கே துண்டு எழுதித் தாரேன்."

ஒரு நாயின் பல்லில் மூன்று சீவன்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொன்ன வாயாலேயே, நான் செய்து தருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 3

கயிற்று முடிச்சு. பிரிந்த தும்பு நாரை விழுங்கி நாய் மூன்று நாள் வாந்தி. கணபதிக்கு இந்த முறை அடி இல்லை, ஏச்சு மட்டும்.

ஆகஸ்ட் 12

எருமைத் தோலில் பந்து. உள்ளே குதிரை மயிர் திணித்து, மெழுகு நூலால் இரட்டைத் தையல். நான் ஏறி நின்று மிதித்துப் பார்த்தேன், மடியவில்லை. ஒரு யானைகூட இதைக் கிழிக்காது என்று கணபதியிடம் சொன்னேன். அவன் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பைக் கண்டேன். என்ன மண்டைக்கனம் எனக்கு.

ஆகஸ்ட் 14

இரண்டு நாள். இரண்டே நாள்.

ஆகஸ்ட் 15

கிழிந்த பந்தைச் சாக்கில் போட்டுக் குச்சியால் புரட்டிப் பார்த்தேன். தையல் ஒன்றும் விடவில்லை, அதை எழுதி வைக்கிறேன். கோரைப்பல் தோலில் ஒரு துளை போட்டிருக்கிறது. பிறகு முன்காலால் அமுக்கிக்கொண்டு துளையிலிருந்து உரித்திருக்கிறது. அப்படியானால் இறுக்கமானது எதுவும் நிற்காது. மரம் பிளக்கும், தோல் உரியும், கயிறு பிரியும்.

ஸைனப் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்: "நாயப் போய்ப் பாக்காம பல்லடையாளத்தப் பாத்தா என்ன வெளங்கும் உங்களுக்கு?"

மேலே விழுந்து நக்குகிற நாயாம். ஐந்து நேரத் தொழுகை உள்ளவன் அங்கே போய் நின்றுவிட்டு என்ன செய்வது? சாமானைப் பார்த்தால் போதும், பல் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும் என்றேன். சேணக்காரனுக்குக் குதிரையைவிடத் தேய்ந்த சேணம்தான் அதிகம் பேசும்.

ஆகஸ்ட் 31

நோன்பு ஆறு. வாய் வறண்டு கிடக்கும்போது கணபதி வந்தான். வலது கையில் துணிக் கட்டு. எறிவதற்கு ஒன்றும் இல்லாததால் துரை வெறும் கையை ஆட்டி ஓடவிடச் சொன்னாராம். நாய் சுண்டு விரலைக் கொண்டுபோய்விட்டது.

"வெரல் போனா போகுதுங்க. இவளுக்கு மாசம் ஏறிக்கிட்டே போகுது."

கட்டு நனைந்திருக்கிறதா என்று பார்க்கக் கிட்டப் போனேன். அப்போதுதான் அவன் தோளில் மடித்துப் போட்டிருந்த கறுப்புக் கம்பளி கண்ணில் பட்டது. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் மழைக்கும் குளிருக்கும் அதுதான். தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மலையில் நிற்பார்கள். கேட்டு வாங்கி ஒரு மூலையில் குத்தூசியை ஏற்றி இழுத்தேன். ஊசி போனது, வந்தது, துளை தானே மூடிக்கொண்டது. கிழியவில்லை. பல் இறங்கட்டும், இறங்கிவிட்டு வெளியே வரட்டும். தடுக்கக் கூடாது, விட வேண்டும். ஒன்றரை மாதமாக இது ஏன் என் தலையில் ஏறவில்லை?

புதுக் கம்பளி சரிவராது, மயிர் உதிரும். நாலைந்து வருஷம் உடம்பில் கிடந்து பிசுக்கேறி இறுகியது வேண்டும், துவைக்காதே என்றேன்.

செப்டம்பர் 5

இராக்கம்மாவின் பழைய கம்பளியைக் கொண்டுவந்தான். நாலு வருஷம் கொழுந்து பறிக்கும்போது போட்டதாம். லயத்து வீட்டு அடுப்புப் புகை, வியர்வை, தேயிலைக் கறை, எல்லாம் சேர்ந்து மூக்கைத் துளைத்தது. "தொவச்சுக் கொண்டாரேன்னு சொன்னா, நான்தான் நீங்க வேணாம்னீங்கன்னு வாங்கிட்டு வந்துட்டேன்" என்றான். நல்லது செய்தாய் என்றேன். துவைத்தால் பிசுக்குப் போய்விடும், பிசுக்குத்தான் இறுக்கம்.

நீளவாட்டில் மடித்து, தண்ணீர் தெளித்து, சுருட்டச் சுருட்ட மரச் சுத்தியலால் அடித்தேன். குறுக்கும் நெடுக்கும் மெழுகு நூல் ஓட்டினேன், ஒவ்வொரு தையலும் உள்ளே முடிய. கைமுட்டு நீளத்தில் ஒரு உருளை. நோன்பு திறக்கும் நேரம் வந்ததே தெரியவில்லை.

செப்டம்பர் 6

கொடுத்தனுப்பினேன். துரை இன்றிலிருந்து கணக்கு வைக்கிறாராம். நவம்பர் ஆறு வரை.

செப்டம்பர் 14

எட்டு நாள். ஒரு நூல் விடவில்லை. கணபதி சொல்கிறான், மற்றச் சாமான்களை எறிந்தால்தான் சுல்தான் ஓடும், இதை எடுத்துக் காட்டினாலே துள்ளுகிறதாம். வாயில் வைத்துக்கொண்டு மூக்கை அழுத்தி அழுத்தி மோந்து பார்க்கிறதாம். கேட்டு எனக்குச் சந்தோஷம். செய்த சாமானை விரும்பி எடுத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

செப்டம்பர் 25

பெருநாள். கணபதிக்கு வட்டிலாப்பம் கொடுத்தனுப்பினோம், இராக்கம்மாவுக்கு என்று தனியாக. நாய் இப்போது உருளையை ஒளித்து வைத்தாலும் மணத்தை வைத்தே கண்டுபிடிக்கிறதாம். துரை வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் அதைக் காட்டுகிறார். என் பெயரையும் சொல்கிறாராம்.

அக்டோபர் 12

நேற்று முன்தினம் மழை இறங்கிவிட்டது. நேற்று இராக்கம்மாவுக்குப் பிள்ளை பிறந்தது, மூங்கிலோடை லயத்திலேயே. துண்டு வருவதற்குள் பிள்ளை முந்திக்கொண்டது. பெண் பிள்ளை. கணபதி அதைச் சொல்லும்போது நனைந்து விறைத்திருந்தான், ஆனாலும் பல் தெரிந்தது. பதினோரு நாள் தாண்டட்டும், பிறகு பேர் வைப்போம் என்றான்.

அக்டோபர் 24

பெரியாயி என்று ஒரு கொழுந்துக்காரி. ஐம்பது வயதிருக்குமாம். காலையில் மழைக்குள் கம்பளியைக் கொங்காணி போட்டு மலையில் நிற்கும்போது, துரையோடு வந்த சுல்தான் பாதையை விட்டுப் பாய்ந்து அவளை விழுத்தி இழுத்திருக்கிறது. தலைக் கம்பளியைப் பிடித்ததில் கையும் சேர்ந்து வாய்க்குள் போயிருக்கிறது. பிடித்தால் விடுகிற நாய் இல்லை. வலது கை முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை என்கிறார்கள். வண்டியில் பதுளைக்குக் கொண்டுவந்தார்கள். என் கடை வாசலால்தான் போயிருக்கிறது, நான் தலை நிமிரவில்லை.

வெறி பிடித்த நாய். சுட வேண்டும்.

அக்டோபர் 25

வெறி பிடித்ததா? மூன்று மாதம் ஓர் ஆளையும் துரத்தாத நாய்.

அக்டோபர் 27

நல்லையாவின் வண்டியில் ஏறி மூங்கிலோடைக்குப் போனேன். பதுளைக்கும் அப்புத்தளைக்கும் சாமான் ஏற்றுகிற மாட்டு வண்டிக்காரன். பங்களாவுக்குக் கீழே றோட்டில் நிறுத்தச் சொல்லி வண்டியில் இருந்தே பார்த்தேன். அந்த நாயை இன்றுதான் முதல் முதலாகப் பார்க்கிறேன். வெள்ளை, கட்டையான கால், மண்டை முழுக்கத் தாடை.

லயத்துப் பக்கம் கயிற்றில் கம்பளிகள் காய்ந்தன. நாய் அங்கே போய் ஒன்றைக் கவ்வி இழுத்துக்கொண்டு ஓடிவந்து துரையின் காலடியில் போட்டது. துரை அதன் தலையில் தட்டினார். அது திரும்பிப் போய் இன்னொன்றைக் கொண்டுவந்தது. பக்கத்துக் கயிற்றில் சேலை கிடந்தது, வேட்டி கிடந்தது, சாக்குக் கிடந்தது. அவற்றின் பக்கம் மூக்கைக்கூடத் திருப்பவில்லை.

நல்லையா சொன்னான்: "கம்பளி மணத்த எடுத்துக்கோன்னு பழக்கி வச்சிருக்காங்க மொதலாளி."

பழக்கி வைத்தது யார்? துவைக்க வேண்டாம் என்றது யார்? ஒருநாள், ஒரே ஒரு நாள் இங்கே வந்து நின்று பார்த்திருந்தால் போதும். எச்சில் படும் என்று பயந்து பல்லடையாளத்தைக் குச்சியால் புரட்டிக்கொண்டிருந்தேன். ஸைனப் சொன்னாள். சொன்னாளே.

அக்டோபர் 30

துரையிடமிருந்து சீட்டு. அதே மாதிரி இன்னும் மூன்று வேண்டுமாம். லயத்தில் எடுத்த பழைய கம்பளிகள் மூன்றையும் அனுப்பியிருக்கிறார். ஓடிப்போகிற ஆள்களைத் தேட இப்படி ஒரு நாய்க்கு மற்றத் துரைமார் பொறாமைப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். சிரிப்புக்குச் சொல்கிற மாதிரி, பகிடி போல எழுதியிருக்கிறார்.

மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் நவம்பர் ஆறாம் தேதி கணபதிக்குத் துண்டு கிடைக்காது. இன்னும் ஒரு கிழமைதான். மூன்றையும் தைக்கிறேன். இதைக் கணபதிக்காகச் செய்கிறேன் என்று எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்தேன். அப்படித்தான் இருக்கும்.

நவம்பர் 6

இரண்டு மாதம் முடிந்தது. உருளை கிழியவில்லை. கணபதி காலையிலேயே அதைக் கழுவித் துடைத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனான். துரை திருப்பித் திருப்பிப் பார்த்து, "அந்தச் சோனகன் கெட்டிக்காரன்" என்றாராம். பிறகு, நாய் உன் கைக்குத்தான் பழகியிருக்கிறது, நீ போனால் யார் எறிவது, பொறுத்திரு என்றாராம்.

"எவ்வளவு நாளைக்குன்னு கேட்டேங்க. போடான்னுட்டாரு."

கடையில் நின்று அழுதான். நாலு விரல் கையால் முகத்தை மூடிக்கொண்டு. நான் உள்ளே போய்விட்டேன்.

நவம்பர் 14

எல்ல ஊர்ப் பக்கம் ஓடின ஆள் ஒருவனைச் சுல்தான் பிடித்துவிட்டது. புதருக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தவனை இழுத்து வந்திருக்கிறது. கணபதி அதைச் சொல்லிவிட்டு, அப்புத்தளைக்கு நடந்து போக எவ்வளவு நேரம் என்று கேட்டான். எனக்கு விளங்கியது, அவனும் ஓடுவதைப் பற்றித்தான் நினைக்கிறான்.

நவம்பர் 17, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு கணபதி வந்தான். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை, காலையில் பேர் கூப்பிட மாட்டார்கள், மாலை வரைக்கும் ஆள் குறைவது தெரியாது. விடியப் புறப்பட்டு, பண்டாரவளை றோட்டில் போலீஸ் நிற்பதால் எல்ல ஊருக்கு மேலே காட்டுப் பாதையால் அப்புத்தளைக்கு. ஒரு ராத்திரி வழியில் தங்க வேண்டும். நாய்க்குத்தான் பயம்.

நான் யோசித்தேன். ஊசியை ஏற்றி இழுத்துப் பார்த்த அன்று வந்த அதே தெளிவு வந்தது. "கம்பளியைக் கொண்டுபோகாதே" என்றேன். "உன்னுடையதும் வேண்டாம், அவளுடையதும் வேண்டாம். லயத்திலேயே போட்டுவிட்டுப் போ. நாய்க்கு உங்களைப் பிடிக்க வேறு வழியில்லை."

"புள்ளைக்குங்க?"

"துணியில் சுற்று."

ஸைனப் முழுப் புதுத் துணி ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என்னிடம், "அஞ்சு கிழமைப் புள்ள. அப்புத்தளைக் குளிரு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். ஒரு ராத்திரிக் குளிரில் யாரும் சாக மாட்டார்கள், நாய் பிடித்தால் சாவார்கள் என்றேன். கணபதி என் காலைத் தொடக் குனிந்தான், தடுத்துவிட்டேன்.

நவம்பர் 19, ஞாயிறு

மழை.

நவம்பர் 20

தபால் பையோடு வேறொருவன் வந்தான். கணபதியும் பெண்சாதியும் பிள்ளையும் போய்விட்டார்கள். இன்று காலை துரை சுல்தானை அவிழ்த்துவிட்டு இரண்டு காவல்காரர்களையும் அனுப்பினாராம். நாய் நேராகப் போய்க் கணபதியின் லயத்து அறைக்குள், காம்பராவுக்குள் நுழைந்து, கிடந்த இரண்டு கம்பளிகளையும் கொண்டுவந்து போட்டுவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு நின்றதாம். றோட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

நான் சிரித்தேன். நெடுநாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சோறு சாப்பிட்டேன். ஸைனபிடம், பார்த்தாயா, என் மூளை வேலை செய்தது என்றேன்.

நவம்பர் 21

இன்னும் மழை விடவில்லை. இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

நவம்பர் 28

நல்லையா அப்புத்தளையிலிருந்து வந்தான். "ரெண்டு பேரும் வந்து சேந்துட்டாங்க மொதலாளி" என்றான். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். குட்டிப் பெண் எப்படி என்று கேட்டேன். அவன் மாட்டை அவிழ்க்கப் போனான். பின்னாலேயே போய்த் திரும்பவும் கேட்டேன்.

முதல் ராத்திரி எல்ல ஊருக்கு மேலே ஒரு பாறை இடுக்கில் இருந்திருக்கிறார்கள். துணி நனைந்துவிட்டது. இராக்கம்மா தன் சேலையை அவிழ்த்துச் சுற்றியிருக்கிறாள், அதுவும் ஈரம். மறுநாள் பகல் பனிமூட்டத்துக்குள் நடக்கும்போது பிள்ளையின் சத்தம் நின்றுவிட்டது. அவளுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் கணபதியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் நின்றுவிடுவான், நின்றால் பிடித்துவிடுவார்கள் என்று, சாயந்தரம் தாயின் லயத்து வாசலில் உட்காரும் வரைக்கும் தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரியே தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள்.

நான் சொன்னேன். கம்பளி வேணாம்னு நான்தான் சொன்னேன். புள்ளைக்குன்னு அவன் கேட்டான். கேட்டானே, என் முகத்தைப் பார்த்துக் கேட்டானே. துணியில் சுற்று என்றேன். ஒரு கம்பளி, ஒரு முழத் துண்டு — என் வீட்டுக் கம்பளிப் போர்வை இருந்ததே. அது லயத்தில் கிடந்ததில்லை, அதில் அந்த மணம் இல்லை. அலமாரியில் மடித்து இருந்ததே. அது ஏன் தோன்றவில்லை? நாய், நாய், நாய். நாயைத் தவிர என் தலையில் வேறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 29

ஸைனப் இன்னும் ஏசவில்லை. ஏசினால் நன்றாக இருக்கும். காலையில் அலமாரியைத் திறந்து அந்தப் போர்வையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். நான் அடுத்த அறையில் இருந்தேன்.

டிசம்பர் 2

ஹஜ்ஜுப் பெருநாள். பள்ளியில் எல்லாரும் கட்டித் தழுவினார்கள்.

டிசம்பர் 16

பசறைப் பக்கத்துத் துரை ஒருவர் உருளை வேண்டும் என்று ஆள் அனுப்பினார். ஊசி உடைந்துவிட்டது என்றேன். ஆணியில் தொங்கும் ஊசிப் பையில் நாற்பது ஊசி இருக்கிறது, வந்தவனும் அதைப் பார்த்தான். மூங்கிலோடையில் கேட்டால் ஒன்றைத் தருவார்கள், அதைப் பார்த்து யாராவது தைத்துவிடுவார்கள். அப்படி ஒன்றும் பெரிய வித்தை இல்லை அது.

1912 ஜனவரி 10

வண்டியில் மூங்கிலோடையைத் தாண்டிப் போனேன். நல்ல மழை. மலை முழுக்கப் பெண்கள், ஒருத்தி தலையிலும் கம்பளி இல்லை. எல்லாரும் சாக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். சாக்கு ஊறிக் கீழே சொட்டுகிறது. இருமல் சத்தம் றோட்டுக்குக் கேட்கிறது. துரை சீமைக்குப் போய், நாயையும் கொண்டுபோய், ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. புதுத் துரை வந்து கம்பளி போடச் சொல்லியும் யாரும் போட மாட்டேன் என்கிறார்களாம்.

பெரியாயியைப் பஸாரில் கண்டேன். ஒரு கையால் விறகு விற்கிறாள். விறகு வாங்கினேன். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

மூங்கிலோடைப் புதுத் தபால்காரன் ஒரு கடதாசியை மேசையில் வைத்தான். பழைய துரையின் மேசை லாச்சியைப் புதுத் துரை துப்புரவாக்கும்போது இருந்ததாம். கணபதி இந்தக் கடைக்கு வந்து போகிறவன், எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் கொடுத்துவிடச் சொன்னாராம். தோட்டப் பதிவில் அவன் பேர் வெட்டியாகிவிட்டது, இனித் தேட மாட்டார்கள்.

துண்டு. கையெழுத்தோடு. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், ஆனால் தேதி வாசிக்கத் தெரியும். 1911 நவம்பர் 6.

அன்றைக்கே எழுதியிருக்கிறார். சொன்ன சொல்லைக் காப்பாற்றி, எழுதி, கையெழுத்துப் போட்டு, லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பொறுத்திரு என்று சொல்லியிருக்கிறார். வாயில் வசவு வருகிறது. ஏசி என்ன? அவர் கப்பலில் ஏறிவிட்டார்.

தபால் கந்தோர்க் கிளாக்கரிடம் கொண்டுபோய் முழுவதும் வாசிக்கச் சொன்னேன். கணபதி, ஆண், ஒன்று. இராக்கம்மா, பெண், ஒன்று. குழந்தை, ஒன்று.

கடைசி வரியைக் கோடு போட்டு அடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். அடித்தல் திருத்தல் இருந்தால் துண்டு செல்லாது, எந்தத் தோட்டத்திலும் எடுக்க மாட்டார்கள் என்றார்.

ஸைனப் அதை வாங்கி மடிப்பை நீவினாள். "அங்க பேர் பதியக்குள்ள கேப்பாங்க, புள்ள எங்க எண்டு. பெத்தவதான் சொல்லணும்" என்றாள்.

ஆனாலும் துண்டு வேண்டும். அது இல்லாமல் அவர்கள் மூன்று மாதமாக அண்ணன் காம்பராவில் ஒளிந்துதான் இருக்கிறார்கள். நல்லையா வியாழக்கிழமை அப்புத்தளைக்குப் போகிறான். நானும் வண்டியில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த வரியை அடிக்காமல், அப்படியே மடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.